மேட்லாப் ஒன்றரை வருஷம்னு சொல்லுது, காலர் ரெண்டே நாள்ல செத்துப் போகுது. எங்க தப்பு?

கெடிலக்கரை (கடலூர்)

வணக்கம் மக்களே, மொத தடவையா இங்க எழுதுறன், தப்பா கேட்டா திட்டாதீங்க. புதுச்சேரில ஈசிஇ கடைசி வருஷம் படிக்கிறன், வீடு கடலூர் மஞ்சக்குப்பம், டெய்லி பஸ்ல போயிட்டு வர்றவன். ப்ராஜெக்ட் என்னன்னா காட்டு விலங்குங்கள வயர்லெஸ் சென்சார் நெட்வொர்க் வச்சு ட்ராக் பண்றது, அதுவும் பேட்டரிய கம்மியா தின்ற மாதிரி. ஏன் இத எடுத்தன்னா எங்க தாத்தா ஊரு வேப்பூர் பக்கம், அங்க காப்புக்காட்டுல புள்ளிமான் இருக்கு, வெயில் காலத்துல தண்ணி தேடி வெளிய வந்து திருச்சி ரோட்ட தாண்டும்போது வண்டில அடிபட்டு செத்துக் கெடக்கும், சின்ன வயசுலேர்ந்து பாத்துருக்கன். எந்த எடத்துல அதிகமா தாண்டுதுன்னு தெரிஞ்சா எதாவது பண்ணலாமேன்னு ஒரு ஆச.

லீச்னு ஒரு ப்ரோட்டோகால் இருக்கு, சென்சாருங்கள கூட்டம் கூட்டமா பிரிச்சு, கூட்டத்துக்கு ஒரு தலைவன் (க்ளஸ்டர் ஹெட்) மட்டும் எல்லாத்தோட டேட்டாவையும் சேத்து அனுப்பும். அத எடுத்து க்ளஸ்டர் ஹெட் செலக்ட் பண்ற எடத்த மட்டும் கொஞ்சம் மாத்தி மேட்லாப் சாஃப்ட்வேர்ல சிமுலேட் பண்ணன், 540 நாள் வரைக்கும் ஒரு நோடு (சென்சார்) கூட பேட்டரி தீந்து சாவலன்னு க்ராஃப் வந்துச்சு, கைடு சாருக்கு செம குஷி. சரின்னு விலங்கு கழுத்துல மாட்டற காலர் ஒன்ன நெஜமாவே செஞ்சன். இஎஸ்பி32 டெவ் போர்டு, நியோ-6எம் ஜிபிஎஸ், டேட்டாவ தூரமா அனுப்ப எஸ்எக்ஸ்1276 லோரா ரேடியோ மாட்யூல், 18650 பேட்டரி ஒன்னு, 2600 எம்ஏஎச் (மில்லிஆம்ப்-மணி). மணிக்கு ஒரு தடவ எடத்த எடுத்து 20 பைட்டா அனுப்பும், மீதி நேரம் டீப் ஸ்லீப். ரேஞ்ச் வரணும்னு லோராவ எஸ்எஃப்12ல (மெதுவா அனுப்பும், ஆனா தூரமா போவும்) வச்சிருக்கன்.

ரெண்டே நாள். ரெண்டாவது நாள் ராத்திரி செத்துப் போச்சு. பேட்டரி டூப்ளிகேட்டோன்னு இன்னொன்னு வாங்கிப் போட்டன், அதுக்கும் அதே கதி. லோரா பவர கொறைக்கணுமா, எஸ்எஃப்ப மாத்தணுமா, இல்ல லீச்ச விட்டுட்டு வேற ரவுட்டிங் போடணுமா? மூனு வாரத்துல ரிவ்யூ இருக்கு, யாராவது சொல்லுங்க.


சால்டர்சாமி (வில்லியனூர்)

தம்பி, ஒரே ஒரு கேள்வி. இஎஸ்பி தூங்கும்போது ஜிபிஎஸ்ஸ யாரு ஆஃப் பண்றா?

நீ எழுதுனத பாத்தா யாருமே பண்ணல. இஎஸ்பி32 டீப் ஸ்லீப் போனா அந்த சிப்பு மட்டும்தான் தூங்கும், பக்கத்துல இருக்கற நியோ-6எம் கொட்ட கொட்ட முழிச்சிட்டு சேட்டிலைட்ட தேடிட்டே இருக்கும், அது ஒரு 45 மில்லிஆம்ப். டெவ் போர்டுல இருக்கற ரெகுலேட்டர், யுஎஸ்பி சிப்பு, அந்த செவப்பு எல்ஈடி எல்லாம் சேந்து இன்னொரு 10ன்னு வச்சுக்க. 2600ஐ 55ல வகுத்துப் பாரு, 47 மணி நேரம். ரெண்டாவது நாள் ராத்திரி. உன் பேட்டரி ஒரிஜினல்தான்பா, பாவம் அத திட்டாத.

இப்ப லோரா எவ்ளோ தின்னுதுன்னு பாக்கலாம். எஸ்எஃப்12ல 20 பைட்டு போவ 1.3 செகண்டு ஆவும், 17 டிபிஎம் பவர்ல 90 மில்லிஆம்ப் இழுக்குதுன்னு வை, ஒரு நாளைக்கு 24 தடவ. எல்லாம் சேத்தா 0.8 எம்ஏஎச். எஸ்எஃப்7க்கு எறக்குனா அதே பாக்கெட்டு 57 மில்லிசெகண்டுல போயிடும், செலவு இருவத்து மூனுல ஒரு பங்கா ஆயிடும், நல்லதுதான். ஆனா ஜிபிஎஸ் ஒரு நாளைக்கு 1080 எம்ஏஎச் குடிக்கிது. வீடு பத்தி எரியிறப்ப நீ ஊதுபத்திய அணைக்க ஓடுற.

செய்ய வேண்டியது என்னன்னா, ஜிபிஎஸ்ஸுக்கு போற வயர்ல ஸ்விட்ச் மாதிரி ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட் போட்டு வேல முடிஞ்சதும் கட் பண்ணு. ஆனா பேக்கப் பின்னுக்கு மட்டும் கரண்ட் போய்ட்டே இருக்கணும், அது 22 மைக்ரோஆம்ப்தான், அத விட்டுட்டன்னா ஒவ்வொரு தடவையும் பொறந்த கொழந்த மாதிரி மொதல்லேர்ந்து தேடும். ஜிபிஎஸ் சேட்டிலைட்டு செகண்டுக்கு 50 பிட்டுதான் அனுப்பும், எஃபிமெரிஸ்னு, அந்த சேட்டிலைட்டு எங்க இருக்குன்னு சொல்ற டேட்டா எறங்கவே அரை நிமிஷம் ஆவுது, எறங்குனது ஒரு நாலு மணி நேரம் வரைக்கும் தாங்கும். பேக்கப் இருந்து எஃபிமெரிஸும் புதுசா இருந்தா வானம் தெரியிற எடத்துல சில செகண்டுல எடம் கெடச்சிடும்.

இதுல ஒரு விஷயத்த பல பேரு கவனிக்க மாட்டாங்க. மணிக்கொரு தடவ எடுத்தா பெரும்பாலும் எட்டு செகண்டுல முடியும், நடுநடுவுல புது எஃபிமெரிஸுக்கு அரை நிமிஷம் விடணும், மொத்தமா ஒரு நாளைக்கு 5 எம்ஏஎச்னு வச்சுக்க. மிச்சம் புடிக்கிறேன்னு ஆறு மணிக்கொரு தடவன்னு மாத்துனா ஒவ்வொரு தடவையும் எஃபிமெரிஸ் பழசாயிருக்கும், 35 செகண்டு ஆவும், நாலு தடவைக்கு 1.75. எடம் எடுக்கறது ஆறுல ஒரு பங்கா கொறஞ்சும் செலவு மூனுல ஒரு பங்காதான் கொறையுது. அதனால ரொம்ப கஞ்சத்தனம் பண்ணாத, டேட்டா போற அளவுக்கு கரண்டு மிச்சமாவாது.

ஆங், இன்னொன்னு. லோரா மாட்யூல் 868 மெகாஹெர்ட்ஸ்னு எழுதி வித்துருப்பான், அந்த ஃப்ரீக்வன்சில அப்படியே விடாத. நம்மூர்ல லைசன்ஸ் இல்லாம ஓட்டலாம்னு 2005ல விட்டது 865லேர்ந்து 867 வரைக்கும், 2021ல அத 868 வரைக்கும் நீட்டுனாங்க, அதுக்கு மேல போவக் கூடாது. கோட்ல ஒரு நம்பர்தான், மாத்திடு.


முந்திரிக்காட்டான் (பண்ருட்டி)

சாமி சொன்னது நூத்துக்கு நூறு, நான் சண்ட போடப் போறது லீச்சோட. நானும் எம்ஈல லீச்சுல தான் தீசிஸ் போட்டன், நம்ம பக்கத்து காலேஜுங்கள்ல தேடுனா எங்க திரும்புனாலும் மாடிஃபைடு லீச், இம்ப்ரூவ்டு லீச், இம்ப்ரூவ்டு மாடிஃபைடு லீச்சுன்னு கெடக்கும், அதனால உன் மேல தப்பு சொல்லல.

லீச் பேப்பர் அமெரிக்கா எம்ஐடிலேர்ந்து ஹைன்ஸல்மன், சந்திரகாசன், பாலகிருஷ்ணன் 2000ல எழுதுனது. அதுல பிட்டுக்கு 50 நானோஜூல், ஆம்ப்ளிஃபையருக்கு ஒவ்வொரு பிட்டுக்கும் சதுர மீட்டருக்கு 100 பிகோஜூல்னு ஒரு கணக்கு இருக்கும், நீயும் கண்டிப்பா அதத்தான் போட்டுருப்ப. உன் 20 பைட்ட 100 மீட்டர் அனுப்ப அந்த கணக்குப்படி 168 மைக்ரோஜூல் ஆவும். இப்ப ஜிபிஎஸ் ஒரே ஒரு தடவ எட்டு செகண்டு ஓடுனா 1.2 ஜூல். ஏழாயிரம் மடங்கு! உன் சிமுலேஷன்ல ஜிபிஎஸ்ஸே இல்ல, ஸ்லீப் கரண்டும் இல்ல, அப்புறம் 540 நாள் வராம என்ன வரும், நீ கேட்டுருந்தா 5400 நாள் கூட வந்துருக்கும்.

அதவிட பெருசு என்னன்னா லீச்சுல நோடு எல்லாம் நட்டு வச்ச எடத்துல நிக்கணும், எந்த நோடு வேணா பேஸ் ஸ்டேஷனுக்கு (டேட்டாவ வாங்கற மெயின் ரிசீவருக்கு) நேரா பேச முடியணும். நிலத்துல ஈரம் பாக்கற சென்சாருக்கு அது சரி. மானு நிக்குமா? நீ க்ளஸ்டர் ஹெட்டுன்னு தேர்ந்தெடுத்த மானு ரவுண்டு முடியறதுக்குள்ள ஓடைக்கு அந்தாண்ட போயி தண்ணி குடிச்சிட்டு இருக்கும்.

நீ படிக்க வேண்டியது ஜீப்ராநெட். பிரின்ஸ்டன்ல மார்கரெட் மார்ட்டனோசி டீம் பண்ணது, பேப்பர் 2002ல வந்துது, 2004ல கென்யால நெஜ வரிக்குதிர கழுத்துல மாட்டிப் பாத்தாங்க. அந்த காட்டுல டவரும் கெடையாது ஒன்னும் கெடையாது. அதனால ஒரு வரிக்குதிர இன்னொன்ன பாக்கும்போது ரெண்டும் தன்னோட டேட்டாவ மாத்திக்கும், ஆராய்ச்சி பண்றவங்க ஜீப்ல பேஸ் ஸ்டேஷன வச்சிகிட்டு சுத்துவாங்க, எதாவது ஒரு வரிக்குதிர கிட்ட வந்தா போதும், கூட்டத்தோட கத மொத்தமும் எறங்கிடும். நம்ம ஊர்ல ஒரு பொம்பள சந்தைக்கு போயிட்டு வந்தா தெரு நியூஸ் பூரா வந்துடும்ல, அந்த மாதிரி. சமீபத்துல யாரு அடிக்கடி பேஸ் ஸ்டேஷன பாத்தாங்களோ அவங்ககிட்ட குடுத்தா போதும்னு ஒரு மொற, எல்லாருக்கும் எல்லாத்தையும் குடுக்கறது ஒரு மொற, ரெண்டையும் ஒப்பிட்டுருப்பாங்க. மான் கூட்டமா திரியிற ஜீவன், அதுக்கு இது நல்லாவே பொருந்தும்.

ஆனா ஒரு மானு இன்னொரு மானு பேசறத கேக்கணும்னா ரிசீவர் தொறந்து இருக்கணும், எஸ்எக்ஸ்1276 கேக்கறதுக்கே 11 மில்லிஆம்ப். நாள் பூரா கேட்டா 264 எம்ஏஎச், பத்தே நாள்ல பேட்டரி காலி. மெஷ்ஷு (ஒன்னு வாங்கி இன்னொன்னுக்கு தள்ளி விடறது) போட்டு எனர்ஜி மிச்சம் புடிச்சன்னு சொல்றவங்க பல பேரு இந்த கேக்குற செலவ எழுதறதே இல்ல, அனுப்புற செலவ மட்டும் காட்டுவாங்க. இதுக்கு வழி, எல்லா காலரும் ஒரே நேரத்துல முழிக்கணும். அதுக்கு கடிகாரம் எங்கேர்ந்து வரும்னு கேப்ப, ஜிபிஎஸ் எடத்தோட நேரத்தையும் ஓசில குடுக்குதே, ஜீப்ராநெட்டும் அதத்தான் பண்ணுச்சு. காலைல ஆறு, பகல் பன்னெண்டு, சாயங்காலம் ஆறு, நடு ராத்திரி, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு நிமிஷம்னு வச்சா ஒரு நாளைக்கு 0.7 எம்ஏஎச். மான் வெயில்ல நெழல்ல கூட்டமா படுத்து அச போடுற நேரத்துல ஒரு முழிப்ப வச்சா இன்னும் நல்லது.

கைடு லீச்சுதான் வேணும்னா, ரிப்போர்ட்ல மொத சேப்டர்ல லீச்ச போட்டு அது ஏன் ஓடுற விலங்குக்கு ஒத்து வராதுன்னு எழுது. அவருக்கும் மரியாதையா இருக்கும், உனக்கும் பாடம் இருக்கும்.


வெள்ளாத்து அக்கா (பரங்கிப்பேட்டை)

கரண்ட் கணக்கெல்லாம் தம்பிங்க சொல்லிட்டாங்க, எனக்கு அது அவ்ளோவா தெரியாது. நான் ரெண்டு வருஷம் காட்டுல ஆராய்ச்சி பண்றவங்களோட ஃபீல்டு அசிஸ்டண்டா இருந்தவ, அதனால ஒன்னு மட்டும் சொல்லணும். கெடிலக்கரை தம்பி, அந்த காலர மான் கழுத்துல மாட்டப் போறேன்னு மட்டும் கெளம்பிடாதப்பா.

மொதல்ல சட்டம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல ஆராய்ச்சிக்காக புடிக்கணும்னா கூட 12ஆம் பிரிவுல பர்மிட் வாங்கணும், தலைமை வன உயிரினக் காப்பாளர் குடுக்கணும், முதல் அட்டவணைல இருக்கற விலங்குன்னா மத்திய அரசு அனுமதியும் வேணும். காலேஜ் லெட்டர் வச்சிகிட்டு வனத்துறை ஆபீஸ்ல ஒரு வாரத்துல முடியற வேல இல்ல.

ரெண்டாவது, புள்ளிமான புடிக்கிறதுதான் பெரும்பாடு. வலைல மாட்டுனதும் பயத்துலயும் ஒதர்றதுலயும் ஒடம்பு சூடேறி தசையே கெட்டுப் போயி, விட்டதுக்கு அப்புறம் கூட ஒரு சில நாள்ல செத்துடும். மயக்க ஊசி போடத் தெரிஞ்ச டாக்டர் இல்லாம கிட்டயே போவக் கூடாது. கெடா மானுக்கு இணை சேர்ற காலத்துல கழுத்து பெருக்கும், இறுக்கி மாட்டுனா மூச்சு முட்டும், லூசா மாட்டுனா காலு உள்ள மாட்டிக்கும். காலர நாங்க மாட்டும்போது நடுவுல ஒரு துண்டு பருத்தித் துணி வச்சு தைப்போம், மழைலயும் வேர்வையிலயும் அது மக்கி ஒரு நாள் தானா அறுந்து விழுந்துடும். பேட்டரி தீந்தப்பறம் வாயில்லா ஜீவன் வாழ்நாள் பூரா அத ஏன் சொமக்கணும்?

எடையப் பத்தி நீ எழுதவே இல்ல. பொதுவா ஒடம்பு எடைல 3லேர்ந்து 5 சதவீதத்துக்கு மேல போவக் கூடாதும்பாங்க. 30 கிலோ பெட்ட மானுக்கு 900 கிராம் வரைக்கும் வரும், உனக்கு கவல இல்ல. இதே எட்டு கிலோ குள்ளநரின்னா 240 கிராம்தான். சின்ன பறவைன்னா நெனச்சே பாக்க முடியாது, பெட்டியும் பட்டையும் சேந்தே அத தாண்டிடும்.

இன்னொன்னு, பழைய மொறய கேவலமா நெனக்காத. 1960கள்ல அமெரிக்காவுல எல்லோஸ்டோன்ல க்ரெய்கெட் அண்ணன் தம்பிங்க கரடிக்கு மாட்டுனாங்களே, அந்த மாதிரி விஎச்எஃப் ரேடியோ காலர்ல ஜிபிஎஸ்ஸும் கெடையாது ஒன்னும் கெடையாது, சும்மா டிக் டிக்குனு துளி துளியா சிக்னல் மட்டும் விடும், அதனாலயே சின்ன பேட்டரில ரொம்ப நாள் ஓடும். எடத்த கண்டுபுடிக்கிறது நம்ம காலு. யாகி ஆண்டெனாவ தலைக்கு மேல தூக்கிகிட்டு ரெண்டு மூனு எடத்துலேர்ந்து திசை பாத்து மேப்புல கோடு போட்டு, கோடு ஒன்ன ஒன்னு வெட்டுற எடத்துல விலங்கு. எனக்கு இப்பவும் தோள்பட்ட வலிக்கும்.

எங்க பக்கம் கடற்கரைல தை மாசி பங்குனில பங்குனி ஆமை முட்ட போட ஏறும்ல, அந்த மாதிரி ஆமைக்கு மாட்டுற சேட்டிலைட் டேக்குல உப்புத் தண்ணி ஸ்விட்சுன்னு ஒன்னு உண்டு. தண்ணிக்குள்ள இருந்தா ரெண்டு முனைக்கு நடுவுல உப்புத்தண்ணி கரண்ட கடத்தும், அப்ப டேக்கு கம்முனு இருக்கும், மூச்சு விட மேல வந்தா மட்டும் ஆர்கோஸ் சேட்டிலைட்டுக்கு சிக்னல் விடும். கடலுக்குள்ளேர்ந்து கத்துனா யாருக்கும் கேக்காதுன்னு அதுக்குத் தெரியும். உன் மானுக்கும் அந்த மாதிரி எப்ப பேசணும் எப்ப பேசக் கூடாதுன்னு எதாவது யோசி.

டெஸ்ட் பண்ண மானு எதுக்கு, தாத்தா வீட்டுல ஆடு இல்லையா?


கெடிலக்கரை

அக்கா, சாமி அண்ணா, முந்திரி அண்ணா எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி பூரா படிச்சன். தாத்தா வீட்டுல ஆடு இருக்கு அக்கா, பதினாறு வெள்ளாடு!! மானுக்கு மாட்டறத அடியோட விட்டுட்டன், ரிப்போர்ட்லயும் ஆடுன்னே எழுதப் போறன்.

இஎஸ்பிய தூக்கிட்டு ப்ரோ மினி 3.3 வோல்ட் போர்டு போட்டன், எல்ஈடிய கத்தி முனையால நோண்டி எடுத்துட்டன், ரெகுலேட்டரையும் கழட்டிட்டன், அதுக்கு பதிலா கொஞ்சமா தின்ற ரெகுலேட்டர் ஒன்ன தனியா வச்சன், ஜிபிஎஸ்ஸுக்கு மாஸ்ஃபெட்டும் வச்சாச்சு. 58 மில்லிஆம்ப் இருந்தது 4.7க்கு வந்துது, குதிச்சிட்டன். ஆனா அதுக்கு கீழ எறங்க மாட்டேங்குது. ஜிபிஎஸ் ஆஃப்ல இருக்கும்போதும் அதுல இருக்கற எல்ஈடி மங்கலா எரியிது, எனக்கு பேய் புடிச்ச மாதிரி இருக்கு. மல்டிமீட்டர மைக்ரோஆம்ப் ரேஞ்சுல வச்சா போர்டு ரீசெட் ஆயிட்டே இருக்கு, அது ஏன்னும் புரியல.


சால்டர்சாமி (வில்லியனூர்)

பேயெல்லாம் இல்லடா. ஜிபிஎஸ்ஸுக்கு முன்வாசல பூட்டிட்ட, பின்வாசல் தொறந்து கெடக்கு. ப்ரோ மினியோட டேட்டா அனுப்புற டிஎக்ஸ் பின்னு சும்மா இருக்கும்போது ஹைல நிக்கும், அந்த வயர் வழியா ஜிபிஎஸ்ஸோட டேட்டா வாங்கற ஆர்எக்ஸ் பின்னுக்குள்ள கரண்ட் பூந்து சிப்ப பாதி உசுரோட வச்சிருக்கு. தூங்கப் போறதுக்கு முன்னாடி சீரியல என்ட் பண்ணிட்டு அந்த பின்ன லோவுக்கு எறக்கு, எல்ஈடி அணையும்.

அப்பவும் ஒரு ஒன்றரை மில்லிஆம்ப் மிச்சம் நிக்கும் பாரு, அது லோரா. எஸ்எக்ஸ்1276 கரண்ட் குடுத்ததும் ஸ்டாண்ட்பைல எழுந்திரிக்கும், 1.6 மில்லிஆம்ப். நீயா ஸ்லீப்னு சொன்னாதான் தூங்கும், சொன்னா 0.2 மைக்ரோஆம்ப். அத லூப்ல ஒரு தடவ அனுப்புனதுக்கு அப்புறம் மட்டும் சொல்லாத, செட்டப்லயும் சொல்லு.

மீட்டர் விஷயம், மைக்ரோ ரேஞ்சுல மீட்டருக்குள்ள இருக்கற ரெசிஸ்டர் பெருசு, போர்டு முழிச்சு 45 மில்லிஆம்ப் இழுத்ததும் வோல்டேஜ் பூரா அதுலயே விழுந்துடும், போர்டு செத்து செத்து பொழைக்கும். மீட்டருக்கு குறுக்க ஒரு ஸ்விட்ச் போட்டு முழிச்சிருக்கும்போது ஷார்ட் பண்ணி வை, தூங்குனதும் தொற.


கெடிலக்கரை

41 மைக்ரோஆம்ப்!!! அண்ணா நீங்க கடவுள். கணக்கு போட்டுப் பாத்தன், ஸ்லீப்புக்கு ஒரு நாளைக்கு 1, ஜிபிஎஸ்ஸுக்கு 5, லோராவுக்கு எஸ்எஃப்12லயே 0.8, எல்லாம் சேந்து 7 எம்ஏஎச். 2600க்கு ஒரு வருஷம். பேட்டரிய கடைசி சொட்டு வரைக்கும் உறிய முடியாது, வெயில்ல தானா எறங்கும், எட்டு மாசம்னு வச்சாலும் போதும். ரெண்டு நாள் எங்க எட்டு மாசம் எங்க, இதுல ரவுட்டிங் அல்காரிதம் ஒரு வரி கூட மாத்தல.


முந்திரிக்காட்டான் (பண்ருட்டி)

இதான் உன் தீசிஸ், க்ராஃப் போட்டு காட்டு. நேரம் இருந்தா ஏடிஎக்ஸ்எல்362னு ஒரு ஆக்சிலரோமீட்டர் இருக்கு, அசைவு இருக்கான்னு பாத்துட்டே இருக்க 270 நானோஆம்ப்தான் கேக்கும். ஆடு படுத்துட்டு இருந்தா ஜிபிஎஸ்ஸ எழுப்பாத, படுத்த எடத்துலயேதான் இருக்கும். அக்கா சொன்ன ஆமை ஸ்விட்ச்சும் இதே மாதிரிதான். அப்புறம் ரிசீவர வீட்டு மொட்ட மாடில வைக்காம ஊர் வாட்டர் டேங்க் மேல வைக்க முடியுமான்னு கேளு. டப்பா மேல பத்து கிலோமீட்டர்னு போட்டுருப்பான், அது ஆண்டெனா ரெண்டும் ஒசரத்துல இருக்கறப்ப. உன்னோடது முழங்கால் ஒசரத்துல, ஒரு பக்கம் பூரா ஆட்டு ஒடம்பு, சுத்தி சீமக் கருவேலம்.


கெடிலக்கரை

அப்டேட். மூனு ஆட்டுக்கு மாட்டி பன்னெண்டு நாள் ஆச்சு. டேங்க் மேல ஏற பிரசிடென்ட் ஒத்துக்கல, மாடில தான் வச்சன், ஒரு கிலோமீட்டர் தாண்டுனா நேரா வர மாட்டேங்குது, ஆனா சாயங்காலம் பட்டிக்கு வந்ததும் சேத்து வச்சதெல்லாம் எறங்கிடுது, முந்திரி அண்ணா சொன்ன சந்த நியூஸ் மாதிரியே. பேட்டரி வோல்டேஜ் 4.15லேர்ந்து 4.11க்கு தான் வந்துருக்கு.

ஒரு காலர் மட்டும் மூனாவது நாளே ஊமை ஆயிடுச்சு. கோட்ல தப்புன்னு ஒரு நாள் பூரா ஒக்காந்து தேடுனன், கடைசில பாத்தா பக்கத்துல படுத்துருந்த ஆடு ஆண்டெனா வயர கடிச்சு தின்னுருக்கு. இப்ப ஆண்டெனாவ பட்டைக்கு உள்ளயே வச்சு தைச்சிட்டன்.

இன்னொரு பிரச்சன, இதுக்கும் யாராவது வழி சொல்லுங்க. மேப்ப தாத்தாகிட்ட பெருமையா காட்டுனன், மத்தியானம் ஒன்னுலேர்ந்து மூனு வரைக்கும் மூனு ஆடும் மேய்ச்சல் புறம்போக்குல இல்ல, பக்கத்து கொல்ல மக்காச்சோளத்துக்குள்ள இருக்கு, பன்னெண்டு நாள்ல எட்டு நாள். மேய்க்கிற பையன் புளியமரத்தடில தூங்கிட்டு இருந்துருக்கான். விஷயம் எப்படியோ வெளிய போயி இப்ப கொல்லக்காரர் வீட்டுக்கு வந்து அந்த மேப்ப ப்ரிண்ட் போட்டுத் தான்னு நிக்கிறாரு, தாத்தா குடுத்தா வீட்டுப் பக்கமே வராதன்றாரு. ரிவ்யூவுல அந்த படத்த போடலாமா வேணாமா?


வெள்ளாத்து அக்கா (பரங்கிப்பேட்டை)

போடு, ஆனா சர்வே நம்பர மறச்சுடு.